கையில் தொழில் இருக்கிறது, கடதாசி எங்கே?

எனது ஹாட்வெயார் கடையில் ஏழு வருடம் வேலை செய்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். குருவிட்டவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் லயத்துப் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வருவதற்கு முன்பே கடைக்கு வந்தவர். சீமெந்து மூடை இறக்குவதில் ஆரம்பித்தார். பிறகு எந்தக் குழாய்க்கு எந்த சொக்கட், பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை டைல், இந்தச் சுவருக்கு எத்தனை லீற்றர் பெயின்ட் என்று வாடிக்கையாளருக்கு என்னைக் கேட்காமலே சொல்லும் அளவுக்கு வளர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாஸோடு சேர்ந்து டைல் பதிக்கவும் போவார்.

ஒரு நாள் வந்து நின்றார். "முதலாளி, கொழும்புல ஒரு கம்பனியில டைல் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. இங்க வேலை செஞ்சதுக்கு ஒரு சேர்விஸ் லெட்டர் கேக்கிறாங்க" என்றார். "நல்லது தம்பி, அஸருக்குப் பிறகு வா" என்றேன்.

அஸருக்குப் பிறகு சாமான் லொறி வந்தது. மறுநாள் வங்கிக்குப் போனேன். அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை. இப்படியே பதினைந்து நாள் போனது. விண்ணப்ப முடிவுத் திகதியும் போனது. உண்மையைச் சொல்வதானால் லொறியும் வங்கியும் வெறும் சாட்டு. ஒரு நல்ல பையனை இழக்க எனக்கு மனமிருக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. முதல் இரண்டு வருடம் அவருக்கு நான் ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்கவில்லை. ஏழு வருடம் என்று எழுதிக் கையொப்பமிட்டால், ஏழு வருடத்துக்கும் பணம் எங்கே என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பயத்தில் பேனாவை எடுக்கவில்லை.

அந்தத் தம்பி என்னோடு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை என்று பின்னர் நினைத்தேன். பேசாமல் டைல் பெட்டிகளை அடுக்கிக் கொண்டிருந்தார்.

இந்தப் பத்தியில் எத்தனையோ தடவை வியாபாரத்தில் முன்னேறுவது பற்றி எழுதியிருக்கிறேன். இன்று வேலை தேடுகிறவர்களுக்கும், செய்யும் தொழிலை விட்டு வேறொன்றுக்கு மாற நினைப்பவர்களுக்கும் எழுதுகிறேன். வேலை கொடுக்கும் நம்மைப் போன்றவர்களும் கொஞ்சம் வாசித்தால் நல்லது. "வேலை இல்லை" என்று சொல்கிறவர்களில் அநேகருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. தெரிந்த தொழிலுக்குக் கடதாசி இல்லை. எங்கள் பக்கத்தில் பெரிய தடையாக நான் காண்பது இதைத்தான்.

நம்மூர் வேலைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரத்தினபுரி, குருவிட்ட, எஹெலியகொட பக்கத்தில் மாணிக்கக் குழியில் இறங்குகிறவருக்கு மாதச் சம்பளம் இல்லை. அது பங்குத் தொழில். காணிக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு ஒரு பங்கு, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பங்கு, செலவு போட்டவருக்கு ஒரு பங்கு என்று போக, மிச்சத்தைத் தொழிலாளிகள் பிரித்துக்கொள்வார்கள். கல் அகப்படும் வரை சாப்பாடும் கைச்செலவும்தான். அகழ்வு அனுமதிப்பத்திரம் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையால் வருடா வருடம் வழங்கப்படுகிறது. அந்தப் பத்திரத்தில் குழிக்குள் இறங்குகிறவனின் பெயர் இருக்காது. சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி இல்லை, நியமனக் கடிதம் இல்லை. இருபது வருடம் மண்ணுக்குள் வேலை செய்தவர் நாற்பத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு மேலே ஏறி வரும்போது, அவர் ஒரு நாளாவது வேலை செய்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இருக்காது.

தோட்டத்தில் நிலைமை வேறு மாதிரி. அங்கே செக்ரோல் உண்டு, சேமலாப நிதி உண்டு. ஆனால் பெயர் பிழை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது நமது சமூகத்தின் கடைகள். மாமாவின் கடை, மச்சானின் கடை, வாப்பாவின் கூட்டாளியின் கடை. பிள்ளை பதினேழு வயதில் போய் நிற்கிறான். சாப்பாடு அங்கேயே. பெருநாளைக்கு உடுப்பு. கையில் கொஞ்சம் காசு. "நம்ம பிள்ளைதானே, அவனுக்கு என்னத்துக்கு லெட்டர்?" என்று மாமா கேட்பார். கேள்வி அன்பில் வருவதுதான். ஆனால் பத்து வருடம் கழித்து மாமாவின் கடை மூடப்படும்போது அந்த அன்பை எந்தக் கம்பனியின் முகாமையாளரிடமும் காட்ட முடியாது. 2020இல் கொரோனாவும், 2022இல் ரூபாவின் வீழ்ச்சியும் வந்தபோது எத்தனை கடைகள் இப்படி மூடப்பட்டன என்பதைக் குருவிட்ட பிரதான வீதியில் நடந்தவர்கள் கண்ணால் கண்டார்கள். அந்தக் கடைகளில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் லீசிங்கில் திரீவீல் எடுத்தார்கள். திரீவீல் ஓட்டுவது குறைவான தொழில் என்று நான் சொல்லவில்லை. ஆனால் துணிக்கடையில் பத்து வருடக் கணக்கு வழக்கைத் தலைக்குள் வைத்திருந்த பிள்ளை, வேறு வழி தெரியாமல் பஸ் நிலையத்தில் ஹயர் காத்து நிற்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

கல் வியாபாரத்தோடு பழகியவர்களுக்கு கெவுட கல்லின் கதை தெரியும். பால் நிறத்தில் மங்கலாக இருக்கும் கல். முன்பெல்லாம் அதற்கு இங்கே மதிப்பில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம். 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதையே கிலோக் கணக்கில் வாங்கிப் போனார்கள். அங்கே உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கினார்கள். கல்லுக்குள் இருந்த இரும்பும் டைட்டேனியமும் வேலை செய்து நீலம் வெளியே வந்தது. நாம் எறிந்த கல் பாங்கொக்கிலிருந்து நீல மாணிக்கமாக உலகச் சந்தைக்குப் போனது. பிறகுதான் நமது ஆட்களும் சூடாக்கப் படித்தார்கள். அந்த நீலத்தை வெளியிலிருந்து யாரும் உள்ளே போடவில்லை. கல்லிலேயே இருந்தது, பார்க்கத் தெரிந்தவன் தாய்லாந்துக்காரன்.

"கடையில் நின்றேன்"

வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் சுயவிபரக் கோவையைப் பார்க்கிறேன். பெயர், முகவரி, பிறந்த திகதி, பாடசாலை, சாதாரண தரப் பெறுபேறு, விளையாட்டுப் போட்டியில் பெற்ற சான்றிதழ் எல்லாம் ஒரு பக்கத்துக்கு இருக்கும். அனுபவம் என்ற இடத்தில் "கடையில் நின்றேன் – 8 வருடம்" என்று ஒரு வரி. கடையில் தூணும் நிற்கிறது!

எட்டு வருடத்தில் என்ன செய்தாய் என்று ஒரு பிள்ளையைக் கேட்டேன். "சும்மா எல்லாம் செஞ்சேன் ஹாஜியார்" என்றார். ஒவ்வொன்றாகத் தோண்டிக் கேட்டபோது வந்த பதில்களைப் பாருங்கள். காலையில் கல்லாவை எண்ணி ஆரம்ப மீதி எழுதுவார். கையிருப்புக் குறைந்த சாமானுக்கு ஓடர் போடுவார். முந்நூறு வாடிக்கையாளரின் கடன் கொப்பியைப் பராமரித்தார். மாதக் கடைசியில் கடன் வசூலிக்கப் போவார். சிங்களத்திலும் தமிழிலும் வியாபாரம் பேசுவார். இரண்டு புதுப் பையன்களைப் பழக்கி எடுத்திருக்கிறார். இதையெல்லாம் ஒரு கம்பனி களஞ்சியப் பொறுப்பாளர், விற்பனைப் பிரதிநிதி, கடன் அறவிடும் உத்தியோகத்தர் என்று மூன்று பெயர் வைத்து மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கிறது. நமது பிள்ளை அதற்கு வைத்த பெயர் "நின்றேன்".

மாணிக்கக் குழிக்காரருக்கு மண் தோண்டத் தெரியும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நாற்பது அடிக் குழியின் சுவர் இடிந்து விழாமல் மரச்சட்டம் அடித்து, இடையில் கெக்கில்ல செடியை வைத்து இறுக்கத் தெரியும். ஊற்றுத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று மண்ணின் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். பழுதான நீர்ப்பம்பியை நடுக்காட்டில் வைத்துத் திருத்துவார். கிணறு வெட்டும் ஒப்பந்தம், கட்டட அத்திவாரம், பம்பி திருத்தும் கடை, குழாய்க்கிணறு தோண்டும் கம்பனி என்று இந்த அறிவு தேவைப்படும் இடங்கள் எத்தனை! ஆனால் அவர் வேலை கேட்டுப் போகும்போது "கூலி வேலை ஏதும் இருக்கா மஹத்தயா?" என்றுதான் கேட்கிறார். கூலி வேலைதான் கிடைக்கும்.

தோட்டத்துக் கங்காணியும் இப்படித்தான். முப்பது பேரை நேரத்துக்கு மலையில் நிறுத்தி, கொழுந்து நிறுத்து, பெயர் போட்டு, சண்டை தீர்த்து வேலை வாங்குகிறவர் அவர். ஆடைத் தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர் என்று இதற்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

ஆகவே தொழில் தேடுவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு வாரம் ஒவ்வொரு நாளும் இரவில், அன்று என்ன செய்தேன் என்று எழுதுங்கள். பெயர்ச்சொல் வேண்டாம், வினைச்சொல்லாக எழுதுங்கள். எண்ணினேன், திருத்தினேன், வசூலித்தேன், பழக்கினேன். அளவும் எழுதுங்கள்: எத்தனை பேர், எத்தனை மூடை, எவ்வளவு ரூபா. விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்துக்கு இந்தக் கொப்பியிலிருந்துதான் எடுத்து எழுத வேண்டும். படித்த ஒருவரின் உதவியோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அழகாக்கிக் கொள்ளலாம். சரக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும். கொம்யுனிக்கேஷன் கடையில் காசு கொடுத்து அச்சடிக்கும் சுயவிபரக் கோவைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிங்களம் நன்றாகப் பேசுகிறார்கள், எழுத வராது. தமிழ் மொழிமூலம் படித்ததனால் வந்த குறை. நேர்முகப் பரீட்சையில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னதும் வியர்த்து விடுகிறது. பேசத் தெரிந்த மொழியை எழுதப் படிக்க ஆறு மாதம் போதும். நான் முப்பத்தைந்து வயதில் எனது கடைக் கணக்கப்பிள்ளையிடம் படித்தேன். இன்றும் எனது சிங்கள எழுத்தைப் பார்த்து அவர் சிரிப்பார்.

படிக்காமலே சான்றிதழா?

இனி அந்தக் கடதாசியைப் பெறும் வழிக்கு வருகிறேன். என்.வீ.கியூ. என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேசிய தொழிற்றகைமை என்பதுதான் அது. 2004ஆம் ஆண்டளவில் நமது நாட்டில் அறிமுகமான முறை. ஏழு மட்டங்கள் உண்டு. ஒன்றிலிருந்து நான்கு வரை தொழிலாளி, கைவினைஞர் மட்டம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். நான்காம் மட்டம் என்றால் மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலையை முடிக்கக் கூடியவர் என்று கொள்ளலாம்.

இதைப் பெற இரண்டு வருடம் வகுப்புக்குப் போக வேண்டும், நமக்குச் சரிவராது என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேறொரு வாசல் இருக்கிறது. அதற்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். ஏற்கெனவே வேலை தெரிந்தவர், வகுப்புக்குப் போகாமலே தனது திறமையை நிரூபித்துச் சான்றிதழ் பெறலாம். மேசன், மின் இணைப்பாளர், குழாய் பொருத்துநர், வெல்டர், வாகனம் திருத்துநர், தையற்காரர், பேக்கரி வேலையாள், சமையற்காரர், கல் பட்டை தீட்டுகிறவர் என்று பல தொழில்களுக்கு உண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டா, இதைச் செய்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையும் செய்கிறது. இரண்டுக்கும் இரத்தினபுரியில் மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. சான்றிதழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பெயரில் வரும்.

நடைமுறை இப்படி. உங்கள் தொழிலுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. எது எது தெரியும் என்று நீங்களே குறிக்க வேண்டும். அதற்குச் சாட்சியங்கள் சேர்க்க வேண்டும்: வேலை கொடுத்தவரின் கடிதம், செய்த வேலையின் புகைப்படம், பில், வீட்டுக்காரர் தந்த குறிப்பு. பிறகு மதிப்பீட்டாளர்கள் வந்து வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். ஏதாவது ஒரு பகுதி தெரியாவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் பழகிக்கொண்டு திரும்ப வரலாம். அநேகமாக நமது ஆட்கள் தடுமாறுவது வேலையில் அல்ல, பாதுகாப்பு விதிகளிலும் அளவு கணக்கிலும்தான். "இருபது வருஷமா செருப்போட வெல்டிங் அடிக்கிறேன், ஒன்றும் ஆகல" என்று மதிப்பீட்டாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இது நமது நாட்டில் மட்டும் உள்ள விசேஷம் அல்ல. பிரான்ஸில் 2002இல் இதற்கெனச் சட்டமே கொண்டு வந்தார்கள். இந்தியாவில் 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் முன்கற்றலை அங்கீகரிக்கும் பிரிவு உண்டு. சவுதி அரேபியா 2021இல் திறன் சரிபார்ப்புத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. குழாய் வேலை, மின்வேலை போன்ற தொழில்களுக்கு வருகிறவர்கள் பரீட்சையில் தேற வேண்டும் என்பது அதன் நோக்கம், இலங்கையரும் அதில் அடங்குவர். முன்பு சவுதிக்குப் போக உடம்பும் பாஸ்போர்ட்டும் போதும் என்றிருந்தது. அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது.

வேலை கொடுத்தவரின் கடிதம் என்று மேலே எழுதினேன் அல்லவா? அங்கேதான் எனது தம்பியின் காரியம் தடைப்பட்டது. சட்டப்படி பார்த்தால் அவர் என்னிடம் வந்து கேட்க வேண்டியதே இல்லை. கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். வேலைக்குச் சேர்க்கும்போதே பதவி, சம்பளம், சேர்ந்த திகதி முதலிய விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அப்போதிருந்தே இருக்கிறது. எழுபது வருடப் பழைய சட்டம். நமது கடைகளில் எத்தனை பேர் கொடுக்கிறோம்? எனது கடையில் பூச்சியம்.

பெயரில் ஒரு எழுத்து

தோட்டத்துப் பெயர்ப் பிழையைச் சொல்வதாகச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதியில் மூன்றாவது பெயர். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், அதை ஆங்கிலத்துக்கு மாற்றியவர் தன் இஷ்டப்படி மாற்றினார். வேலை செய்த காலம் முழுவதும் இது யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற்றுப் பணம் எடுக்கப் போகும் நாளில் "இது நீங்கள்தானா?" என்று கேட்பார்கள்.

நாம் சிரிக்க வேண்டாம். மொஹமட், முஹம்மத், மொஹமத், முகம்மது! பாடசாலைச் சான்றிதழில் முன்னெழுத்து மூன்று, பாஸ்போர்ட்டில் இரண்டு. நமது சமூகத்தில் இதனால் விசா நின்றுபோன வீடுகள் குறைவல்ல.

வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு முன் எல்லாக் கடதாசிகளையும் பாயில் பரத்தி வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களுக்கு அது போதும். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் எடுக்கும். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்த பிறகு ஓடினால் நடக்காது. எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாவிட்டால் 1919க்கு அழைத்துக் கேளுங்கள், அரசாங்கத் தகவல் நிலையம். பிரதேச செயலகத்தில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். வேலை தேடுகிறவர்களைப் பதிவதும் வழிகாட்டுவதும் அவர்களது வேலை. நமது ஆட்கள் அந்தக் கதவைத் தட்டுவது மிகக் குறைவு.

சேமலாப நிதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம். இதற்கு மேலதிகமாக 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். சம்பளம் 30,000 ரூபா என்றால் ஊழியரிடம் 2,400 கழித்து, முதலாளி 3,600 போட்டு, மாதம் 6,000 ரூபா அவர் கணக்கில் சேர வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 900. ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். வேலை மாறும்போது பழைய கணக்கு இலக்கத்தைக் குறித்து வையுங்கள், பல கணக்குகளைப் பின்னர் ஒன்று சேர்க்கலாம். இந்தக் கணக்குக் கூற்றே நீங்கள் எங்கே எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்பதற்கு நல்ல சாட்சி. கடிதம் தர மறுக்கும் முதலாளியாலும் அதை மறைக்க முடியாது.

பணிக்கொடையையும் மறக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கிடைக்கும். கோபத்தில் நான்கு வருடம் பத்து மாதத்தில் வேலையை எறிந்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வயதும் வெட்கமும்

கடதாசி எல்லாம் சரியான பிறகும் ஆட்கள் தயங்குகிறார்கள். "இந்த வயதில் போய்ப் புதிதாகக் கற்பதா?" என்பார்கள். எனது கதையைச் சொல்கிறேன். முப்பத்து நான்கு வயது வரை நான் கல் தரகன். வாப்பாவும் அதேதான். காலையில் வெள்ளைச் சட்டை போட்டு இரத்தினபுரிச் சந்தைக்குப் போவேன். சில மாதம் நல்லது, பல மாதம் வெறும் கை. தரகு ஏற்கெனவே படுத்திருந்த நேரத்தில் 2003 மே மாத வெள்ளம் வந்தது. வீட்டுச் சாமான்கள் போயின. இரண்டு பிள்ளைகள். கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் மொத்தக் கடை ஒன்றில் விற்பனைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"இவ்வளவு காலமும் எங்கே வேலை? கடிதம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். பதினைந்து வருடமாக இலட்சக் கணக்கான பெறுமதியுள்ள கற்களை நம்பி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக் கடதாசி காட்ட முடியவில்லை. உம்மாவின் தம்பி, எனது மாமா, அந்த முதலாளியை அறிந்தவர். அவர் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தார், வேலை கிடைத்தது. அன்று எனக்குக் கடதாசி அந்த மாமாதான். அப்படி ஒரு மாமா இல்லாதவன் என்ன செய்வான் என்று அன்று நான் யோசிக்கவில்லை. லயத்திலிருந்து வந்த அந்தத் தம்பி டைல் பெட்டி அடுக்குவதைப் பார்த்தபோதுதான் யோசித்தேன்.

அங்கே என்னைவிடப் பத்து வயது இளைய பையன் எனக்கு ஆணி வகை சொல்லித் தந்தான். முதல் மாதம் வெட்கமாக இருந்தது. ஊருக்கு வரும்போது கல் வேலையாகக் கொழும்புக்குப் போனதாகச் சொல்வேன். மனைவிதான், "நீங்க களவா செஞ்சீங்க? சொன்னா என்ன?" என்று கேட்டார். ஒன்றரை வருடம் அங்கே இருந்து தொழில் படித்து, பிறகுதான் குருவிட்டவில் ஒரு சின்ன அறையில் எனது கடையைத் தொடங்கினேன். கல்லில் படித்தது வீண் போகவில்லை. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முகத்தைப் பார்த்துக் கணிப்பதை அங்கேதான் படித்தேன். சில தடவை பிழைத்தும் இருக்கிறது!

மாற நினைப்பவர்கள் இருக்கும் வேலையை முதலில் விட்டுவிட வேண்டாம். மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவாவது கையில் இருக்கட்டும். முடிந்தால் அந்தத் தம்பியைப் போல ஞாயிற்றுக்கிழமைகளில் புதுத் தொழிலைத் தொட்டுப் பாருங்கள். பிடிக்கிறதா, உடம்பு தாங்குகிறதா என்பது நாலு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும்.

அவசரத்தில் வெளிநாட்டு முகவரிடம் ஓடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். போவது பிழையல்ல. ஆனால் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேட்க இரண்டு நிமிடம் போதும். விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றலாம் என்று சொல்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நமது நாட்டு இளைஞர்கள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, 2024இல் மீட்டெடுக்கப்பட வேண்டி வந்ததைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

எனது தம்பியின் கதைக்கு வருகிறேன். கொழும்புக் கம்பனி போய்விட்டது. ஒரு மாதம் கழித்து, விட்டுப்போன இரண்டு வருடச் சேமலாப நிதியைத் தொழில் திணைக்களத்தில் மேலதிகக் கட்டணத்தோடு கட்டினேன். வலித்தது, ஆனால் கட்டினேன். ஏழு வருடம் என்று எழுதி, என்னென்ன வேலை செய்தார் என்பதையும் ஒவ்வொன்றாக எழுதி, கடை முத்திரை வைத்துக் கொடுத்தேன். அதோடு அவர் பதித்த மூன்று வீடுகளின் டைல் படங்களையும் சேர்த்து இரத்தினபுரியில் என்.வீ.கியூ. மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். பெயர்ப் பிரச்சினை அவருக்கும் இருந்தது. தந்தையின் பெயரில் ஒரு எழுத்து. சத்தியக் கடதாசியோடு சரிக்கட்டினோம். மதிப்பீட்டு நாளில் மூலை வெட்டும் கணக்கில் தடுமாறியிருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் செய்து மூன்றாம் மட்டச் சான்றிதழ் எடுத்தார். இப்போது அவிசாவளைப் பக்கத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறார். டைல் வாங்க எனது கடைக்குத்தான் வருகிறார், கழிவும் கேட்கிறார்.

கடையில் இப்போது நாலு பையன்கள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை கடை பூட்டும் நேரத்தில் நாலு பேருக்கும் நியமனக் கடிதத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன். இளையவன் உறையைத் திறக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நானா, என்னை நிப்பாட்டப் போறீங்களா?" என்று கேட்டான்.